ஒண்டுக்குடித்தனம்

"ஏம்பா, ரூமு மட்டும் தனி. சமையக்கட்டு, தொவைக்கிற எடம், மொட்ட மாடி எல்லாம் பொது. இதுக்கு ஒண்டுக்குடித்தனம்னு பேரு!"

ஜோதிலட்சுமி போட்ட போடில் ஹரிசங்கர் ஒரு கணம் தடுமாறினான். ஆனால் அசரவில்லை.

நாவலூரில் புதிதாக எழும்பிய அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு அறைதான் பாக்கி. அதையும் இன்றே தள்ளிவிட்டால் அவனுக்கு வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். செங்கல்பட்டிலிருந்து வந்திருக்கும் இந்த அம்மாள் ஐ.டி.யில் சேர்ந்த மகளுக்குத்தான் இடம் தேடுகிறாள் என்று பார்த்தவுடனேயே கணக்குப் போட்டுவிட்டான்.

"ஐயோ ஆன்ட்டி, இது கோ-லிவிங்!"

"ஒண்டுறதுன்னா இன்னா? மழ வந்தா அடுத்தவன் வாசல்ல ஒதுங்கி நிக்கிறோமே, அதான். அப்டி ஒருத்தன் வூட்ல ஒண்டிகினு நடத்துறது ஒண்டுக்குடித்தனம். ஒரே அடுப்படில நாலு பேரு நின்னா சண்ட வராது?"

"சண்டை இல்ல ஆன்ட்டி, கம்யூனிட்டி!"

வாடகையைச் சொன்னான். ஜோதிலட்சுமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்ளோ குடுத்தா ஒண்டுதுங்க?"

"அடிச்சுப் பிடிச்சு வர்றாங்க. இதுதான் கடைசி ரூம்."

"ஒண்டுக்குடித்தனம்னாலே இந்தக் காலத்துப் பசங்க தெறிச்சு ஓடுதுங்களேப்பா!"

ஹரிசங்கருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இனி இந்த அம்மாள் தப்ப முடியாது.

"அந்தப் பேரைச் சொன்னா ஓடத்தான் செய்வாங்க. கோ-லிவிங்னு சொல்லிப் பாருங்க, வரிசையில நிப்பாங்க. சுவரு அதேதான், அடுப்பு அதேதான். எல்லாம் பேர்லதான் ஆன்ட்டி இருக்கு!"

"நெசமாவா?"

"நூத்துக்கு நூறு!"

ஜோதிலட்சுமியின் முகம் மலர்ந்தது. "இவ்ளோ நாளா இது தெரியாம போச்சே தம்பி!"

ஜெயித்துவிட்ட பூரிப்பில் ஹரிசங்கர் அறைச் சாவியை எடுக்க ஓடினான். திரும்பி வந்தபோது அவள் கணவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, நம்ம பின்கட்ட இடிக்க நாளைக்கு ஜேசிபி வர வேணாம்னு சொல்லிடுங்க. குடித்தனம் வராம காலியா கெடக்குற போர்ஷனுக்கெல்லாம் வெள்ளையடிச்சி, வாசல்ல கோ-லிவிங்னு ஒரு போர்டு மாட்டுனா போதும். ஆள் புடிச்சிக் குடுக்க வாய்க்காரப் பையன் ஒருத்தன் இங்க கீறான், கையோட இட்டுனு வரேன்!"