யோசனை சொன்னவள்

அந்த ரசாயன ஆலையில் ஒருவருக்கொருவர் யோசனை சொல்வதைத் தடை செய்திருந்தார்கள். அதற்குப் பதிலாக மேலாளர் ஒவ்வொருவர் காதிலும் இருந்த கருவியில் ஒரு பயிற்சியாளர் குரல் இருந்தது. அது கேள்வி மட்டும்தான் கேட்கும்; பேசுவதையெல்லாம் பதிவும் செய்யும்.

வாயுத் தொட்டியில் அழுத்தம் ஏறியபோது அதனருகே ஐந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆலையை நிறுத்தினால் ஒரு மாத உற்பத்தி போய்விடும்.

"நிறுத்தட்டுமா?" என்று கேட்டாள் மேலாளர் ஜெசிந்தா.

"எது உங்களைத் தயங்க வைக்கிறது?" என்றது குரல்.

அழுத்தமானியின் முள் சிவப்பைத் தொட்டது. ஜெசிந்தா அடுத்த அறைக்கு ஓடினாள். அவளுக்கு முன்பு அந்தப் பொறுப்பில் இருந்த தவமணி அங்கே இருந்தாள்.

"அக்கா, நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

பதில் சொன்னால் வேலை போகும் என்று தவமணிக்குத் தெரியும். ஜெசிந்தாவின் காதிலிருந்த கருவியைப் பார்த்தாள்.

"இப்படி ஏறினா தானா இறங்காது, நான் பாத்திருக்கேன். உடனே நிறுத்து. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

ஜெசிந்தா நிறுத்தினாள். ஐந்து பேரும் வெளியே ஓடிவந்த பிறகு தொட்டியின் மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது.

விசாரணையில், "நானே எடுத்த முடிவு" என்றாள் ஜெசிந்தா. கருவியின் பதிவு வேறு சொன்னது. தவமணியை அன்றே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் கொதிகலன் பிரிவு மேலாளர் கதிரேசன் வியர்த்துப்போய் வந்து நின்றான்.

"அக்கா, கேக்கக்கூடாதுதான். ஆனா..."

"உக்காரு, சொல்றேன்" என்றாள் ஜெசிந்தா, காதிலிருந்த கருவியைக் கழற்றாமலேயே.