சிவப்புப் பிரிவு

மணி அடித்து இரண்டு நிமிஷம் கழித்துத்தான் கதவு திறந்தது. அதற்குள் உள்ளே ஒரே இருமல், தடதடவென்று செருப்புச் சத்தம், கண்ணாடிச் சாமான் ஏதோ உருளும் ஓசை. வாசலில் நின்ற நர்ஸுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வாங்கம்மா, வாங்க" என்றார் ரிட்டயர்டு லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு முன்னால் சிகரெட் நாற்றம் வந்து வரவேற்றது.

அவளை நர்ஸ் என்று சொன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பிடிக்காது. அடையாள அட்டையில் 'முதுநிலை நல்வாழ்வு ஊக்குநர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பி.பி. பார்ப்பது, எடை பார்ப்பது, சிகரெட்டை விடச் சொல்லிக் கெஞ்சுவது ஆகிய மூன்று வேலைக்கும் சேர்த்து வைத்த பெயர் அது.

புகை, குடி என்று ஏதாவது பழக்கம் இருந்தால் கம்பெனி கணக்கில் அந்த ஆள் சிவப்புப் பிரிவு. பிரீமியம் இரண்டு மடங்கு. திருத்துவதற்கு மாதம் ஒரு முறை வீட்டுக்கே ஆள் வரும். திருந்திவிட்டால் பச்சை.

"இன்னிக்கும் ஊதியிருக்கீங்க" என்றாள்.

"நாப்பது வருஷப் பழக்கம், என்ன பண்றது? உக்காருங்கம்மா, டீ ஆறிடும்."

மேஜையில் இரண்டு கோப்பைகள் தயாராக இருந்தன. பிஸ்கட்டுகளைத் தட்டில் வட்டமாக அடுக்கியிருந்தார். அவள் உட்கார வேண்டிய நாற்காலியை ஏற்கெனவே துடைத்திருந்தும் இன்னொரு தரம் துண்டால் தட்டினார்.

நாடி பார்க்கும் கிளிப்பை மாட்ட அவர் விரலைப் பிடித்தாள். முதல் தடவை வந்தபோது அந்த விரலிடுக்கு மஞ்சளேறிக் கிடந்தது. இன்றைக்குக் குழந்தை விரல் மாதிரி சுத்தம். சோப்புப் போட்டுத் தேய்த்து யாரை ஏமாற்றுகிறார் என்று மனதுக்குள் கடிந்துகொண்டு படிவத்தைப் பிரித்தாள்.

"உடற்பயிற்சி ஏதாச்சும்?"

"தினமும் ஆறு மாடி, படியிலதான் ஏறி இறங்குறேன்."

"லிஃப்ட் இருக்கே?"

"நான் ரிப்பேர் பண்ணின லிஃப்ட்டும்மா அது. நம்பி ஏற முடியாது."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரத்துல எத்தனை பேரோட பேசுறீங்க?"

விரல் விட்டு எண்ணத் தொடங்கியவர் முதல் விரலிலேயே நின்றார். "ஞாயித்துக்கிழமை மக ஃபோன் பண்ணுவா. பாத்திரம் கழுவிக்கிட்டே பேசுவா. அதைச் சேத்துக்கலாமா?"

"பரவால்ல, இந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது" என்று அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

கடைசியாக ஊதிப் பார்க்கும் மெஷின். அவர் வாயில் குழலை வைத்து, கன்னம் உப்ப ஊதினார். மெஷின் யோசிக்கவே இல்லை. உடனே சிவப்பைக் காட்டியது.

"ஐயா, நான் வர ஆரம்பிச்சு இன்னியோட ஒரு வருஷம். இப்பவும் சிவப்புன்னு போட்டா, பிரீமியம் இன்னும் பாதி ஏறிடும். அப்புறம் பென்ஷன்ல என்ன மிஞ்சும்?"

"ஏறினா ஏறட்டும்மா."

"பச்சைக்கு வந்துட்டா எவ்வளவு நிம்மதி தெரியுமா? பிரீமியம் பாதியாயிடும். எங்க தொந்தரவும் இருக்காது. ஃபோன்ல மெசேஜ் மட்டும்தான் வரும்." கம்பெனி மனப்பாடம் பண்ணச் சொன்ன வரி அது. அவள் ஏற்ற இறக்கத்தோடு அழகாகவே சொன்னாள்.

"ரொம்ப வசதிதான்" என்று பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

காலர் நைந்த சட்டை, ஓரம் உடைந்த கோப்பை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. மெஷினில் புதுக் குழலைச் சொருகினாள்.

"நானே ஊதிடறேன். பச்சை காட்டும். அதை உங்க பேர்ல ஏத்திடறேன். ஆபீஸ்ல தெரிஞ்சா என் வேலைக்கு வேட்டுதான். போனா போவுது."

"ஐயையோ! வேண்டாம்மா, வேண்டாம்!" இரண்டு கையாலும் மெஷினைப் பொத்திக்கொண்டார். கோப்பை சாய்ந்து டீ படிவத்தில் கொட்டியது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நர்ஸ் அவரை வியந்து பார்த்தாள். பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டு 'கல்யாணம் காட்சின்னா கொஞ்சம்' என்று எழுதச் சொன்னவர்கள், எடை மெஷினில் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டவர்கள் என்று எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! அவர்களுக்கு நடுவே இப்படியும் ஒரு சத்தியவான். மாதாந்திரக் கூட்டத்தில் இவரைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். 'நேர்மையே நல்வாழ்வு' என்று தலைப்புக்கூடத் தயாராகிவிட்டது.

"கையில காசு இல்லாதப்பவும் பொய்க் கணக்கு வேண்டாங்கறீங்களே" என்றாள். "உங்களை மாதிரி நேர்மையான மனுஷனை நான் பார்த்ததே இல்லைங்கய்யா."

அவர் நெளிந்தார். சாய்ந்த கோப்பையை நிமிர்த்தி வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் மெல்லச் சொன்னார்:

"சிகரெட்டை விட்டுப் பத்து மாசம் ஆச்சும்மா. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் பிடிக்கிறேன்."