சீனித் தண்ணீர்

பிள்ளையை அன்று காலை இரண்டு முறை குளிப்பாட்டினார்கள்.

முதல் குளியல் பிறந்ததற்கு. இரண்டாவது, நர்ஸ் படிக்க வந்த சந்தனமேரி தூக்கியதற்கு.

பிள்ளையின் அத்தை மீனம்மாள் முதலில் சந்தனமேரியிடம் ஊர் கேட்டாள். பிறகு தெரு கேட்டாள். அப்புறம் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

"சேரிக்காரி தூக்குறதுக்கா எங்க வீட்ல பிள்ளை பொறந்துச்சு?"

மஞ்சள் தண்ணீரைப் பிள்ளை மேல் ஊற்றியதோடு விட்டார்களா? சந்தனமேரி நின்ற இடத்திலும் தெளித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைமை நர்ஸ் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய இடமாயிற்றே! இனிப் பிரசவ அறைப் பக்கம் வராதே, துணி அலசப் போ என்று சந்தனமேரியிடம்தான் சொன்னாள். பிரசவம் பார்க்கப் பழகாதவளுக்கு நர்ஸ் சர்ட்டிபிகேட் யார் கொடுப்பார்கள்?

சந்தனமேரி தகரப்பெட்டியோடு வந்து நின்றாள். சொந்த ஊர் ஆவூருக்கே திரும்பிப் போகிறாளாம்.

நானும் அதே சேரிதான், படிப்பில் அவளுக்கு ஒரு வருஷம் மூத்தவள். போன வருஷம் நான் நின்ற இடத்திலும் தெளித்தார்கள். தெளித்தால் தெளிக்கட்டும், கற்றதை யாரும் கழுவ முடியாது என்று சொல்லிச் சொல்லித்தான் அவளை இதுவரை நிறுத்தி வைத்திருந்தேன். இன்று அந்தப் பேச்சு எனக்கே கசந்தது.

மீனம்மாள் கிண்ணத்தில் சீனியைக் கரைத்தாள். அது யுத்த காலம். ஊரே சீனிக்கு அலைந்தது, அவர்கள் வீட்டில் மட்டும் இருந்தது.

சேனை வைக்கப் போகிறாள். பிள்ளையின் வாயில் முதலில் வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் குணமானவராகப் பார்த்து வைக்கச் சொல்வது வழக்கம். அந்த வீட்டுக்கு மீனம்மாள்தான் அகப்பட்டாள். நல்ல குணம்!

விரலை நனைத்துப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள்.

"சேனை அப்பவே வச்சாச்சுங்க," என்றேன்.

விரல் அப்படியே நின்றது.

கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கு என்ன தெரியும்? உள்ளே டாக்டரம்மா தாயின் உதிரப்போக்கோடு போராடிக்கொண்டிருந்தார். பிள்ளை நீலம் பாய்ந்து மூச்சில்லாமல் கிடந்தது. அதன் வாயில் வாய் வைத்து, அது வீறிட்டு அழும்வரை ஊதியவள் சந்தனமேரி.

வார்டுக்கே கேட்கும்படி அதைச் சொன்னேன். அந்த மூச்சை எந்தத் தண்ணீரில் கழுவுவீர்கள் என்றும் கேட்டேன்.

மீனம்மாள் தலைமை நர்ஸைப் பார்த்தாள். தலைமை நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

பிரசவ அறையில் யாரோ ஒருத்தி வலியில் கத்தினாள்.

சந்தனமேரி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.