விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

ஒரு வீட்டுச் சிமெண்டுத் தரையின் நடுவில் விரிசல் விட்டிருந்தது. கொத்தனார் வந்து பார்த்தார். விரிசலுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்துவிட்டுப் போனார்.

தரைக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை.

"யாரடி நீ? வேவு பாக்க வந்தியா?"

"இல்லக்கா. சும்மா படுத்திருப்பேன். நீங்க அசைஞ்சா உடைஞ்சிடுவேன். அதுதான் என் வேலை."

"அப்படிச் சொல்லு! நீ உடைஞ்சா நான் இன்னும் இறங்கறேன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். கடப்பாரையால என்னைப் பேத்துடுவாரு. அதுக்குத்தானே வந்திருக்க?"

"அடியில மண்ணு கரையுதாக்கா? தெரிஞ்சா கெட்டிப்படுத்திக் குடுப்பாருல்ல?"

"தேனொழுகப் பேசாதடி."

அன்றிலிருந்து தரை மூச்சை அடக்கிக்கொண்டது. குழாய்த் தண்ணீர் ஒழுகி ஒழுகி அடிமண் கரைந்தது. வயிறு அந்தரத்தில் தொங்கியது. ஆனாலும் அது இம்மிகூட அசையவில்லை.

கொத்தனார் திரும்ப வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. "இறக்கம் நின்னுடுச்சு" என்று விரிசலில் கலவையை அடைத்துப் பூசினார். கண்ணாடியை நோகாமல் பெயர்த்துச் சன்னலில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்தார்.

"எப்படி ஏமாத்தினேன் பாத்தியா!" என்று தரை சிரித்தது. சிரித்ததில் அடக்கி வைத்த மூச்சு வெளியே வந்துவிட்டது. மடாரென்று நடுவில் பிளந்து, பாதி உள்ளே இறங்கியது.

"ஐயா! ஐயா! திரும்பி வாங்க!" என்று சன்னலிலிருந்து கண்ணாடி கத்தியது.

சைக்கிள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமாக் கூப்பிடு, தங்கச்சி" என்றது தரை.