நாற்பது பாய்ச்சல்

முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. எந்தக் குளத்துக் கரையில் வளை தோண்டுவது என்று மீன்கொத்தி நீலவனுக்கும் அவன் மனைவி செங்காலிக்கும் பேச்சு வளர்ந்தது.

“இந்தக் குளத்தில் பாய்ந்தால் பாதிதான் பலிக்குது. மேற்குக் குளத்தில் நாலு பாய்ச்சலுக்கு மூணு மீன்! கிளம்பு” என்றான் நீலவன்.

“நாலே பாய்ச்சலில் குளத்தை அளந்துட்டீங்களாக்கும்! இங்கே நாப்பது பாய்ஞ்சு இருபது பிடிச்சோம். அங்கேயும் நாப்பது பாய்ஞ்சுட்டு வாங்க. நாளைக்குக் குஞ்சுகள் பட்டினி கிடக்கக் கூடாது.”

முணுமுணுத்துக்கொண்டே போனவன் சாயங்காலம் சிறகு சொட்டச் சொட்டத் திரும்பினான். “இருபத்தொண்ணு! மேற்குதான் ஒசத்தி.”

“ஒரு மீன் கூடினா ஒசத்தியா? இன்னொரு நாள் பாய்ஞ்சா அது இங்கேயும் கூடும். இங்கே கரை மண்ணாவது மெத்துன்னு இருக்கு.”

இப்படியொருத்தி தனக்கு வாய்த்தாளே என்று நீலவனுக்கு மனம் பூரித்தது. கொண்டுவந்திருந்த இருபத்தொன்றாவது மீனை அவளுக்கு ஊட்டிவிட்டு, அவள் சொன்ன கரையிலேயே மண்ணைக் கொத்தத் தொடங்கினான்.