வெளுத்த எலும்பு

கோடை விடுமுறைக்கு வந்ததிலிருந்து தமயந்தி எலும்புப் பெட்டியைத் திறக்கவேயில்லை. மருத்துவக் கல்லூரி திறந்ததும் உடற்கூறியல் தேர்வு. புத்தகத்தை விரிப்பாள், மூடிவிட்டுப் படுத்துக்கொள்வாள். எலும்பென்றால் கிட்டவே வராத அம்மா, ஒருநாள் அவள் எழுவதற்குள் அத்தனையையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, மொட்டைமாடியில் வடகத்துக்குச் சற்றுத் தள்ளிக் காயவைத்திருந்தாள்.

"ஒரே சாயமா அப்பிக் கிடந்துச்சுடி. அதனாலதான் உனக்குத் தொடப் பிடிக்கலையோன்னு நினைச்சேன்."

தசை தொடங்கும் இடத்தில் சிவப்பும் முடியும் இடத்தில் நீலமுமாக சீனியர் அக்கா தீட்டித் தந்த அடையாளங்கள் ஒன்றுகூட மிச்சமில்லை. அழுகை வரும் என்று தமயந்தி காத்திருந்தாள். வந்தது நிம்மதி. இனி யார் கேட்டாலும் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

"அதைப் பாத்துத்தாம்மா படிக்கணும்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அம்மா கீழே போனாள். திரும்பி வந்தபோது கையில் சிவப்பும் நீலமுமாய் இரண்டு ஸ்கெட்ச் பேனாக்கள். கூசிக்கொண்டே தொடையெலும்பை எடுத்து மடியில் வைத்து, சிவப்பின் மூடியைக் கழற்றினாள்.

"எங்க எங்கன்னு நீ சொல்லு. நான் போடுறேன்."

எலும்பு வெள்ளைவெளேரென்று இருந்தது. எங்கே தொடங்குவது என்று தமயந்திக்குத் தெரியவில்லை. மூடி கழற்றிய பேனா வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.