எரிந்துபோன பதிவேடு

“என்னய்யா கோர்பினியன், உங்க தாத்தா அகப்பட்டாரா?”

அந்த ஜெர்மன் கிராமத்தின் படைவீரர் சங்கச் செயலாளர் எங்கெல்பர்ட் கேட்டதும் மேசையே சிரித்தது.

போரில் இறந்தவர்களுக்கான ஞாயிறு. நினைவுத்தூணுக்கு மலர்வளையம் வைத்துவிட்டு, வழக்கம்போல எல்லாரும் வால்புர்காவின் மதுவிடுதியில் பீரும் வெள்ளைச் சாசேஜுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு இரும்புச் சிலுவை, வீரத்துக்கான பதக்கம். முதல் உலகப் போரில், பிரான்சின் வெர்டன் போர்க்களத்தில் செத்துப்போன வால்புர்காவின் தாத்தா குவிரினுடையது. ஊருக்கே அது பெருமை.

அதைக் கொண்டுவந்து குவிரினின் விதவையிடம் சேர்த்தவர் கோர்பினியனின் தாத்தா வென்டெலின். அதே படைப்பிரிவு. அவருக்கென்று ஒரு பதக்கமும் இல்லை. ‘நண்பனைச் சாகவிட்டு ஓடிவந்தவன்’ என்று ஊர் ஒட்டிய பட்டம் மூன்று தலைமுறையாக உரிந்தபாடில்லை.

“ஆவணக் காப்பகத்துல தேடி, எங்க தாத்தா யாருன்னு காட்டுறேன் பாருங்க” என்று போன மாதம் இதே மேசையில்தான் கோர்பினியன் சவால் விட்டிருந்தான்.

காட்டவும் முடியும். படைப் பதிவேட்டின் நகல் அவன் கோட்டுப் பையில் இருந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு பெயர்கள்.

‘வென்டெலின். காயம்பட்டவர்களை மீட்டதற்காக இரும்புச் சிலுவை.’

‘குவிரின். போரில் இறந்தார். விருதுகள் இல்லை.’

காப்பகத்தில் அதைப் படித்தபோதே அவன் கண் கலங்கிவிட்டது. ஓடிவந்தவராம்! தன் சிலுவையை, ‘உங்க புருஷனுக்குக் கொடுத்தது’ என்று விதவை கையில் வைத்துவிட்டு, சாகும்வரை வாயைத் திறக்காத மனுஷன். அன்று முழுக்க கோர்பினியனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்று எல்லார் வாயையும் அடைத்துவிட வேண்டும். கை பைக்குள் போனது.

அப்போது வால்புர்கா பீர் கோப்பைகளோடு வந்தாள். போகிற போக்கில் ஏப்ரன் நுனியால் அந்தக் கண்ணாடியை ஒரு துடை துடைத்தாள்.

கை வெறுமனே வெளியே வந்தது.

“ஒண்ணும் கிடைக்கலப்பா. அடுத்த உலகப் போர்ல பாட்ஸ்டாம் காப்பகத்துல குண்டு விழுந்து, பதிவேடெல்லாம் எரிஞ்சுபோச்சாம்.”

“அடடா! காகிதத்துல இருந்தும் ஓடிட்டாரா உங்க தாத்தா?” என்றார் எங்கெல்பர்ட்.

சிரிப்பு அடங்கவே இல்லை. கோர்பினியன் பல்லைக் கடித்துக்கொண்டு பீரை விழுங்கினான்.

டங்கென்று கோப்பையை மேசையில் வைத்தாள் வால்புர்கா.

“பொய் சொல்லவும் ஒரு விவரம் வேணும்டா கோர்பி. பாட்ஸ்டாம்ல எரிஞ்சது வடக்கே பிரஷ்யாக்காரங்க பதிவேடு. நம்ம பவேரியாவோடது மியூனிக்ல பத்திரமா இருக்கு.”

அவன் முகம் வெளுத்துவிட்டது. “வால்பி, விடு...”

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே நான் போய்ப் பார்த்துட்டேன்.” அவள் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். “இந்தச் சிலுவை வென்டெலினோடது. சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. பைக்குள்ள போன கை வெறுங்கையா வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு, இவன் ஆதாரத்தைப் பையில வச்சுக்கிட்டு, என் முகத்துக்காக உங்க கேலியை முழுங்குறான்.”

எங்கெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார்.

வால்புர்கா சட்டத்தைக் கழற்றிக் கோர்பினியன் முன்னால் வைத்தாள். “எடுத்துட்டுப் போ.”

அவன் அதை ஒரு நிமிஷம் நெஞ்சோடு பிடித்திருந்தான். பிறகு எழுந்துபோய் அதே ஆணியில் மாட்டினான்.

“தாத்தா குடுத்ததை நான் திருப்பி வாங்கினா, அப்பதான் வால்பி, எங்களுது ஓடிவந்தவன் குடும்பம்.”